குனிந்தவள்

காணொளியை மறுபடியும் ஓட்டினார்கள்.

திரையில் ஒரகடம் சாலை. மதிய வெயில். சாலை முழுக்கச் செருப்புகள். நீலச் சீருடைப் பெண்கள் ஓடுகிறார்கள். ஒருத்தி மட்டும் ஓடவில்லை. நின்று திரும்பிப் பார்த்து, குனிகிறாள். அவளுக்குப் பின்னால் கொக்கு நிற்கிறது.

அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் வேறு. கூட்டத்தைக் கலைக்கும் இயந்திரம். ஆளைவிட உயரம், மெலிந்த இரண்டு கால்கள், கழுத்தைப் போல நீண்ட ஒரே கை. தொழிற்சாலைப் பெண்கள் பார்த்தவுடன் கொக்கு என்றார்கள். பிறகு எல்லாரும் அப்படியே சொன்னார்கள், போலீஸ்காரர்கள் உட்பட.

திரையில் கொக்கு இடது காலைத் தூக்கி வைத்தது. அதே காலை மறுபடியும் தூக்கி வைத்தது. கை இறங்கியது. குனிந்தவள் எழவில்லை.

"போதும், நிறுத்துங்க," என்றார் நீதிபதி.

ஓய்வு பெற்றவர். விசாரணை ஆணையம் என்றால் அவர் ஒருவர்தான். அவர் முன்னால் இருந்த கேள்வியும் ஒன்றுதான். அவள் எதற்காகக் குனிந்தாள்?

கல் எடுக்க என்றது போலீஸ். கல் எடுக்க என்றால் குனிந்த ஸ்டெல்லாவுக்கும் அவளோடு கைதான பெண்களுக்கும் சிறை. விழுந்தவளைத் தூக்க என்றால் வழக்கே நிற்காது.

ஸ்டெல்லா முன்வரிசைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தாள். முதுகெலும்பு முறிந்திருந்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. கழிப்பறைக்குப் போகும் நேரத்தைக் குறிக்க ஒவ்வொரு பெண்ணின் மணிக்கட்டிலும் பட்டை கட்டச் சொன்னது நிர்வாகம். அதை எதிர்த்துத்தான் அன்று சாலையில் உட்கார்ந்தார்கள். பரிமளம் மயங்கி விழுந்தாள், தூக்கக் குனிந்தேன் என்று ஸ்டெல்லா முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். காணொளியில் அந்த இடத்தைக் கொக்கின் கால் மறைத்தது. குனிந்த முதுகு தெரிந்தது. கை தெரியவில்லை.

பரிமளம் காலையில் வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். "மயக்கத்துல இருந்தேங்க ஐயா. எனக்கு எதுவும் தெரியாது." ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பாமல் சொன்னாள். நிர்வாகம் அவளை மட்டும் வேலைக்குத் திரும்ப எடுத்திருந்தது.

மதியம் டாக்டர் சேஷகிரி வந்தார். மனநல நிபுணர். இளைஞர்களும் வன்முறையும் பற்றித் தொலைக்காட்சியில் பேசுகிறவர்.

"கைதான பெண்களோட போன்களைப் பாத்தேன்," என்றார். "பெரும்பாலானவங்க கொத்தளம் ஆடுறாங்க. அது என்ன விளையாட்டுன்னு ஆணையத்துக்குச் சொல்லணும். ஒரு பாழடைஞ்ச கோட்டை. உள்ள நூறு பேர். ஒருத்தன் மிஞ்சுற வரைக்கும் அடிச்சுக்கணும். இதை ராத்திரி பகலா ஆடுற பொண்ணு நிஜத் தெருவுல கல்லைப் பாத்தா என்ன செய்வா? கை தானா போகும். குற்றம் அவங்களோடது மட்டும் இல்ல. அந்த விளையாட்டோடதும்தான்."

தொழிலாளர் பக்க வக்கீல் ரஹ்மத்நிஷா எழுந்தார். "டாக்டர், உங்க வீட்ல யாராவது ஆடுறாங்களா?"

"என் பையன் ஆடுறான்."

"யாரையாவது அடிச்சிருக்காரா?"

"அவன் வளர்ற சூழல் வேற."

ரஹ்மத் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பதிலைக் கூட்டத்திடமே விட்டுவிட்டார்.

அடுத்து இயந்திரத்தைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர். இளைஞன். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"கல்லை இயந்திரம் பாத்துச்சா?" என்று கேட்டார் ரஹ்மத்.

"கல்லைப் பாக்கத் தேவையில்ல மேடம். ஆயுதம் எடுக்கிற அசைவுன்னு பதிவாகியிருக்கு. அசைவு போதும்."

"எந்த அசைவு ஆயுதம் எடுக்கிற அசைவுன்னு அதுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. அதுவா கத்துக்கிச்சு. மனுஷங்க சண்டை போடுற லட்சக்கணக்கான பதிவுகளைக் காட்டினோம்."

"எங்க கிடைச்சது அந்தப் பதிவு?"

நிறுவனத்தின் வக்கீல் எழுந்து அது வணிக ரகசியம் என்றார். நீதிபதி ஆமோதித்தார்.

ரஹ்மத் திரையைக் காட்டினார். "சரி. அடிக்கிறதுக்கு முன்னாடி இடது காலை ரெண்டு தடவை தூக்கி வைக்குதே, அது எதுக்கு?"

பொறியாளன் தயங்கினான். "சமநிலைக்காக இருக்கலாம். நாங்க வைக்கல. அதுவா கண்டுபிடிச்சது."

"பொய்!"

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றிருந்தாள். ஒல்லி. கையில் போன். காவலர் ஒருவர் அவளை நோக்கி நடந்தார்.

"ஏம்மா, நீ யாரு?" என்றார் நீதிபதி.

"ஜெசிந்தா. அவ தங்கச்சி. அந்தக் கால் எதுக்குன்னு எனக்குத் தெரியும் ஐயா. அது என் கட்டவெரலு."

யாரோ சிரித்தார்கள். ஸ்டெல்லா நாற்காலியில் திரும்ப முயன்றாள். திரும்ப முடியவில்லை.

*

ஜெசிந்தாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற அரை மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் நீதிபதிக்கே ஆர்வம் வந்துவிட்டது.

"சொல்லும்மா. சுருக்கமா."

"கொத்தளத்துல நான் பேரெடுத்தவ. தூத்துக்குடில இருந்து ஆடுனேன். பிளஸ் டூ முடிச்சு வீட்ல சும்மா கெடந்த காலம். இந்தப் போன எங்கக்கா வாங்கித் தந்தா, மொதச் சம்பளத்துல. பழைய போனு. இடது ஓரம் கீறிக் கெடக்கு. அங்க தொட்டா ஒரு தடவையில கேக்காது. அதனால ரெண்டு தடவ தட்டுவேன். சில நேரம் ரெண்டும் கேட்டுரும். அப்ப என் ஆளு இடது கால ரெண்டு தடவ தூக்கி வைப்பான். சும்மா. ஒரு பிரயோசனமும் கெடையாது. கூட ஆடுறவனுவ கேலி பண்ணுவானுவ. ஜெசிக்கு மூட்டு வலின்னு."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா?"

"நான் போய் அடிக்க மாட்டேன் ஐயா. காத்து நிப்பேன். சண்டையில ஒருத்தன் கத்தி கீழ விழும். எடுக்கக் குனிவான். குனியுத நேரம் அவனுக்கு முதுகுல கண்ணு கெடையாது. அப்ப எறக்குவேன். நடு முதுகுல." அவள் திரையைக் காட்டினாள். "அது நான். கால் வைக்கது நான். காத்து நிக்கது நான். எறக்குத எடமும் நாந்தான். இவனுவ என்னைய எடுத்து அதுக்குள்ள வச்சிருக்கானுவ."

நீதிபதி அவளை ஆடிக் காட்டச் சொன்னார். போனைப் பெரிய திரையோடு இணைத்தார்கள். கோட்டை வந்தது. இடிந்த படிக்கட்டு. அவள் ஆள் சுவரோரம் நின்றான். எதிரில் ஒருவன் வாளைத் தவறவிட்டுக் குனிந்தான். ஜெசிந்தாவின் கட்டைவிரல் ஓரத்தை இரண்டு முறை தட்டியது. ஆள் இடது காலைத் தூக்கி வைத்தான். மறுபடியும் தூக்கி வைத்தான். கை இறங்கியது.

பொறியாளன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிறுவனத்தின் வக்கீல் எழுந்தார்.

"இதுவரைக்கும் எத்தனை பேரை இப்படி அடிச்சிருப்பீங்க?"

"எண்ணல."

"ஆயிரம்?"

"இருக்கும். கூடவே இருக்கும்."

"பின்னாடியிருந்து. நிராயுதபாணியா குனியும்போது. கூச்சமா இல்லையா?"

"அது பொம்ம சார்."

"நிஜத்துல யாரையாவது அடிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அடிக்கணும்னு தோணியிருக்கா?"

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். "இப்பத் தோணுது."

டாக்டர் சேஷகிரி எதையோ குறித்துக்கொண்டார்.

"எழுதுங்க டாக்டர்," என்றாள் ஜெசிந்தா. "நல்லா எழுதுங்க. எத்தன வருஷமா எங்கள எழுதுதிய. வெளையாட்டுனால பிள்ளைய கெட்டுப் போச்சா, கெட்டுப் போச்சான்னு. இந்த ஊர்ல நூறு பேர் ஆடுனா நூறு பேரும் போன வச்சுட்டு வேலைக்குப் போறான். ஒரே ஒருத்தன்தான் நெசமா அடிச்சிருக்கான், அந்தக் கொக்கு. அவன ஏன் இங்க கூட்டிட்டு வரல? அவனுக்கு ஒரு வைத்தியம் பாருங்களேன்."

"மரியாதையா பேசணும்மா," என்றார் நீதிபதி.

"என் வெளையாட்ட வித்திருக்கானுவ ஐயா. யார்ட்ட கேட்டானுவ?"

நிறுவனத்தின் வக்கீல் உடனே சொன்னார். "கேட்டிருக்கு. விளையாட ஆரம்பிச்ச முதல் நாள் ஒப்புக்கொள்கிறேன்னு அழுத்தியிருக்கீங்க."

"அழுத்துனேன். ரெண்டு தடவ."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாக ரஹ்மத் கேட்டார். "ஜெசிந்தா, அந்த விளையாட்டுல ஒருத்தர் எதுக்கெல்லாம் குனிவாங்க?"

"கீழ கெடக்க ஆயுதத்த எடுக்க."

"வேற எதுக்கு?"

"வேற எதுக்கும் இல்ல."

"விழுந்தவங்களைத் தூக்க?"

"தூக்க முடியாது மேடம். அதுக்குப் பொத்தானே கெடையாது."

*

அறிக்கை மழைக்காலத்தில் வந்தது. ரஹ்மத் அதை ஸ்டெல்லாவின் அறையில் படித்துக் காட்டினார். அறை என்றால் முன்பு ஆறு பெண்கள் தங்கியிருந்தது. இப்போது அக்காவும் தங்கையும்.

வன்முறை விளையாட்டுகள் இளைய தொழிலாளர்களின் நடத்தையைப் பாதிக்கின்றன என்று ஆணையம் கருதியது. தொழிற்சாலை விடுதிகளில் கொத்தளத்தைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. ஸ்டெல்லா எதற்குக் குனிந்தாள் என்பதை உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். வழக்கு தொடரும்.

"கொக்கப் பத்தி ஒண்ணும் இல்லையா?" என்றாள் ஜெசிந்தா.

"இருக்கு. ஒரு குறை சுட்டிக்காட்டப்பட்டது, நிறுவனம் அதைச் சரி செஞ்சுடுச்சுன்னு போட்டிருக்காங்க."

"என்ன கொற?"

ரஹ்மத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இடது கால். இனிமே அது ரெண்டு தடவை தூக்கி வைக்காது. நேரா அடிக்கும்."

வெளியே மழை. பிறகு ஸ்டெல்லா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. ஜெசிந்தா தண்ணீர் கொடுத்தாள்.

"மூட்டு வலி போயிருச்சு பாருட்டி," என்றாள் ஸ்டெல்லா. "இனி அது வருதுன்னு தெரியக்கூட செய்யாது."

*

மறுபடியும் சாலையில் உட்காரச் சங்கம் முடிவு செய்தது. கோரிக்கை ஒன்றே. வழக்கைத் திரும்பப் பெறு.

இந்த முறை யாரும் அடிபடக் கூடாது என்றார்கள். ஜெசிந்தாவை அழைத்தார்கள். கொக்கு எப்படி யோசிக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

மழை விட்டு வெயில் ஏறியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரமாகத் தள்ளினார்கள். பெண்கள் சுவரோரம் உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டாள். கம்புதான் கொக்கின் கை.

"ஒண்ணே ஒண்ணுதான். குனியாதீங்க. நிமிந்து நிக்கிறவங்கள, நடக்கிறவங்கள அது ஒண்ணும் செய்யாது. குனிஞ்சா அடிக்கும்."

"செருப்பு கழண்டுச்சுன்னா?"

"விட்டுருங்க."

"போன் விழுந்துட்டா? போன மாசம்தான் வாங்குனேன்."

"விட்டுருங்க."

"குனியாம, உக்காந்து எடுத்தா?"

"அதுவும் அதுக்குக் குனியுததுதான். உக்காந்தா எந்திரிக்காம உக்காந்தே இருக்கணும். கீழ கை போகக் கூடாது."

ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். "பக்கத்துல யாராவது விழுந்தா?"

ஜெசிந்தா கம்பைக் கை மாற்றினாள்.

"விட்டுருங்க."

"எங்க மாமியார் விழுந்தா விட்டுருவேன். அதுக்குப் பயிற்சியே வேணாம்," என்றாள் இன்னொருத்தி. கூடம் சிரித்தது.

பழகினார்கள். ஒருத்தி விழ வேண்டும். மற்றவர்கள் தாண்டி நடக்க வேண்டும். முதல் முறை எல்லாரும் குனிந்துவிட்டார்கள். ஜெசிந்தா ஒவ்வொரு முதுகிலும் கம்பை வைத்தாள். "செத்தாச்சு. செத்தாச்சு. நீங்களும் செத்தாச்சு." இரண்டாம் முறை பாதிப் பேர் குனிந்தார்கள். பிறகு சிலர், கை பாதி வரை போய் நிறுத்திக்கொண்டார்கள். சாயங்காலம் ஆனபோது விழுந்தவளைச் சுற்றி எல்லாரும் ஆற்றுத் தண்ணீர் பாறையைச் சுற்றிப் போவது போலப் போனார்கள். யாரும் கீழே பார்க்கவில்லை.

கைதட்டினார்கள். டீ வந்தது.

ஸ்டெல்லா வாசலருகே நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். டீயைத் தொடவில்லை.

"என்னக்கா?"

"நல்லா சொல்லிக் குடுத்த."

"அடி படக் கூடாதுன்னுதான."

"அந்த மெஷினுக்குத் தூக்கத் தெரியாது. ஏன்னா உனக்கு அதுல தூக்கத் தெரியாது. சரி, அது வெளையாட்டு. பொத்தான் இல்ல." ஸ்டெல்லாவின் குரல் உயரவில்லை. "இவளுவளுக்குத் தெரியும்லாட்டி. இன்னைக்குக் காலம்பற வரைக்கும் தெரிஞ்சுது."

"அப்ப என்ன செய்யச் சொல்லுத? இன்னும் பத்துப் பேரு ஒன்ன மாதிரி நாற்காலில உக்காரணுமா?"

ஸ்டெல்லா சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு வெளியே போனாள்.

*

போராட்ட நாளன்று நல்ல வெயில். சாலையின் ஒரு பக்கம் பெண்கள். எதிரே வரிசையாகக் கொக்குகள். நடுவே தொலைக்காட்சிக் கேமராக்கள்.

பரிமளம் வந்திருந்தாள். ஒப்பந்தம் முடிந்ததும் அவளையும் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கூட்டத்தின் கடைசியில் தனியாக நின்றாள். அவளோடு யாரும் பேசவில்லை. ஸ்டெல்லா மட்டும், ஆட்டோவிலிருந்து இறக்கிவிடும்போது, அவளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

போலீஸ் கலையச் சொன்னது. பெண்கள் எழுந்து நிமிர்ந்து நின்றார்கள். கோஷம் போட்டார்கள். கொக்குகள் நடுவே புகுந்தன. செருப்புகள் கழன்றன. யாரும் எடுக்கவில்லை. ஒரு போன் விழுந்து சிதறியது. யாரும் எடுக்கவில்லை. கொக்குகள் நின்றன. செய்ய அவற்றுக்கு ஒன்றும் இல்லை.

அப்போது பரிமளம் விழுந்தாள். அவளுக்கு ரத்தம் குறைவு. முதல் முறையும் அப்படித்தான் விழுந்தாள். தார்ச் சாலையில் கன்னம் பட்டுக் கிடந்தாள்.

பெண்கள் அவளைச் சுற்றிப் போனார்கள். யாரும் கீழே பார்க்கவில்லை. பயிற்சியா, கோபமா, அவர்களுக்கே தெரிந்திருக்காது. அவளைச் சுற்றி ஒரு வட்டம் காலியானது. வட்டத்தின் ஓரத்தில் ஒரு கொக்கு வந்து நின்றது.

கேமரா முன் ஒரு நிருபர் சொல்லிக்கொண்டிருந்தார். "போராட்டம் அமைதியாக நடைபெற்று வருகிறது. இதுவரை அசம்பாவிதம் எதுவும் இல்லை."

"ஏட்டி! தூக்குங்கட்டி!"

ஸ்டெல்லாவின் குரல். நாற்காலிச் சக்கரம் சாலை நடுத்திட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கைகளாலும் அதைத் தள்ளிக்கொண்டிருந்தாள். "தார் கொதிக்குதுட்டி! அவ மூஞ்சி வெந்துரும்! ஒருத்திக்காவது கை இல்லையா?"

சில பெண்கள் நின்றார்கள். ஒருத்தியின் கை பாதி வரை போனது. நின்றுவிட்டது. அவள் ஜெசிந்தாவைப் பார்த்தாள். சரியாகச் செய்தேனா என்பது போல.

ஜெசிந்தா வட்டத்துக்குள் நடந்தாள்.

கொக்கின் கழுத்து அவள் பக்கம் திரும்பியது. அவளுக்கு அதைத் தெரியும். எவ்வளவு நேரம் காத்திருக்கும், முதுகில் எந்த எலும்பைப் பார்க்கும், எல்லாம் தெரியும். கால் மட்டும் இனி சொல்லாது.

கேமரா எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். கொக்கின் கால் மறைக்காத பக்கமாகச் சுற்றிப் போய் நின்றாள். பரிமளத்தின் முகம் கேமராவுக்குத் தெரிந்தது. சாலையில் கல் எதுவும் இல்லை. அதையும் பார்த்துக்கொண்டாள்.

நிருபர் பேச்சை நிறுத்தினார். கேமரா அவள் மேல் திரும்பியது.

ஜெசிந்தா இரண்டு கைகளையும் உயர்த்தினாள். விரல்களை விரித்தாள். உள்ளங்கை, புறங்கை. மறுபடியும் உள்ளங்கை. எல்லாரும் பார்க்கும் வரை அப்படியே வைத்திருந்தாள்.

பிறகு குனிந்தாள்.